மகள் பையில் நான் வைத்த பாட்டில்

என் மகள் விமானம் ஓட்டுகிறாள் என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் யாரும் நம்புவதில்லை. திருப்பூர் மங்கலம் ரோட்டில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறவர்கள் வீட்டுப் பெண், கம்பெனியிலேயே மேல்வேலை பார்ப்பாள், இல்லாவிட்டால் கட்டிக்கொடுத்த வீட்டில் இருப்பாள் என்பதுதான் அவர்கள் நினைப்பு. நம்பின பிறகு கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அப்ப நீங்கெல்லாம் பிளேன்ல சும்மாவே போயிக்கலாமுங்களா?" கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் போவது கிடக்கட்டும். ஓட்டுகிறவளே எப்படிப் போகிறாள் என்று பார்த்தால் அப்புறம் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அவளுக்கு வேலை மும்பையிலிருந்து. குடித்தனம் இங்கே. மாப்பிள்ளை நிட்டிங் மிஷின் போட்டிருக்கிறார், அதை விட்டு அவர் அசைய முடியாது. அதனால் அவள்தான் ஐந்து நாள், ஆறு நாள் அங்கே போய் ஓட்டிவிட்டு, மூன்று நாள் வீட்டுக்கு வந்து போகிறாள். இதற்கு அவளுடைய கம்பெனி டிக்கெட் எடுத்துத் தராது. எங்கே குடியிருப்பது என்பது அவள் பாடு. விமானத்தில் சீட்டு மீதி இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். இல்லையென்றால் முன்னால் ஓட்டுகிற அறைக்குள்ளே, ஓட்டுகிற இரண்டு பேர் முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்த குட்டி சீட்டு ஒன்று இருக்கிறது, ஜம்ப் சீட் என்கிறார்கள், அதில் ஒடுங்கிக்கொண்டு போகலாம். அதுவும் அன்றைக்கு ஓட்டுகிற கேப்டன் சரியென்று தலையாட்டினால்தான்.

"ஸ்டூலாட்ட இருக்குமா?" என்று ஒருதரம் கேட்டேன்.

"ஸ்டூலே பரவால்லம்மா. அதுல சாய முடியாது, அவ்வளவுதான். இதுல சாஞ்சா முதுகு புடிச்சுக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒடிசாவிலிருந்து எங்களிடம் டெய்லர் வேலைக்கு வந்திருக்கிறவர்களைக்கூட நாங்கள் வேன் வைத்துத்தான் கூட்டி வருகிறோம். நின்றுகொண்டு வந்தால் அன்றைக்கு டிரைவருக்கு என்னிடம் திட்டு விழும். நூற்றைம்பது பேரைச் சுமந்து பறக்கிறவள் தன் வேலைக்குப் போக இன்னொருத்தர் வாயைப் பார்த்து நிற்கிறாள். இதைப் பெருமையாக வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா?

நான் சொல்ல வந்தது அவள் பரீட்சைக்குப் போன நாளைப் பற்றி. எட்டு வருஷமாக அவள் வலது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறாள். இடது பக்கத்து சீட்டு கேப்டனுடையது. அந்த சீட்டுக்கு மாற ஒரு பரீட்சை வைப்பார்கள். முதல் தடவை நாள் குறித்தபோது அவளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இது இரண்டாவது தடவையாகக் குறித்த நாள். மறுநாள் காலையில் மும்பையில் போய் நிற்கவில்லையென்றால் வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள், திரும்ப எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது. அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஆண்பிள்ளைகள் மூன்று பேர் ஏற்கனவே இடது பக்கம் மாறிவிட்டார்கள். அவள் அதைச் சொல்லிக் குறைபட்டதில்லை. ஆனால் சாப்பிடும்போது கையில் போனை வைத்து அவர்கள் படத்தைப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பரீட்சை முடிந்து நான்கு நாள் லீவு என்றும், "நீயும் வாம்மா, கடல் பாத்துட்டு வரலாம்" என்றும் கூப்பிட்டாள். மாப்பிள்ளை எனக்கு டிக்கெட் போட்டார். அந்த விமானத்தில் கடைசியாக மீதியிருந்த சீட்டு அது. அவளுக்கு அந்த மடக்கு சீட்டு. மாலை நான்கு மணிக்கு விமானம்.

அன்று காலை அவளுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடுகையில் காலருக்குக் கீழே ஒரு எண்ணெய்ப் புள்ளி இருந்ததைப் பார்த்தேன். நான் செக்கிங் ஹாலைப் பார்த்துக்கொள்கிறவள். பனியனில் ஊசி முனையளவு கறை இருந்தாலும் வெளிநாட்டுக்காரன் பெட்டியோடு திருப்பி அனுப்புவான். அதற்கு ஒரு மருந்து இருக்கிறது. துப்பாக்கி மாதிரி இருக்கிற ஸ்ப்ரே கன்னில் ஊற்றிக் கறைமேல் பீச்சினால் கறையும் போய்விடும், துணியும் உடனே காய்ந்துவிடும். பெட்ரோல் மாதிரி வாசனை. இருபது வருஷம் அதிலேயே இருந்த என் மூக்குக்கு அது இப்போது எட்டுவதில்லை. சட்டையை எடுத்துப்போய்ப் பீச்சினேன். புள்ளி போய்விட்டது. அங்கே போய், பரீட்சைக்குக் கிளம்புகிற நேரத்தில் காபி கீபி சிந்திவிட்டால் என்ன செய்வாள் என்று எனக்குத் தோன்றியது. காலியான இருமல் மருந்து பாட்டில் ஒன்று கிடந்தது. அதில் பாதி ஊற்றி, மூடி, ஒரு கட்டிங் வேஸ்ட் துணியில் சுற்றி, அவள் பையில் சட்டைக்கு அடியில் சொருகி வைத்தேன்.

அவளிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஊருக்குப் போகிறவர்கள் பையை அவர்களே மூடிக்கொண்டு போய்விட முடியாது. கடைசியாக வீட்டுப் பொம்பளை கை பட்டு ஒன்று உள்ளே போக வேண்டும். சொல்லிவிட்டு வைப்பது வழக்கமில்லை. அங்கே போய்த் திறக்கும்போது இருக்கும், அப்போது தெரிந்துகொள்ளட்டும். என் கல்யாணத்தன்று என் டிரங்குப் பெட்டியில் பட்டுச்சேலைக்கு நடுவே என் அம்மா சுக்கும் ஓமமும் முடிந்து வைத்திருந்தாள். சேலையெல்லாம் ஓம வாசனை. நான் கோபித்துக்கொள்ளவில்லை.

விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் என் மகளுக்குத் தெரிந்தவள். சிரித்துப் பேசிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டாள். "பேக் நீங்களே பேக் பண்ணதுதானே மேம்? வேற யாரும் எதும் குடுத்து விடலையே?"

"நானேதான்," என்றாள் மகள்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கையில் ஒரு தூக்குப்போசி நிறைய, வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம், தோளில் ஒரு துணிப்பை. பெட்டி கிட்டி எதுவும் நான் போடவில்லை, கண்டவன் கையில் என் சேலையைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. அவள் கேட்டதும் இவள் சொன்னதும் என் காதில் விழுந்தது. ஏதோ குசலம் விசாரிக்கிற மாதிரி இருந்ததே தவிர என் மனதில் ஒன்றும் தட்டவில்லை.

சோதனை போடுகிற இடத்துக்குப் போனோம். பெரிய வரிசை. அந்தப் பக்கம் தனியாக ஒரு சின்ன வரிசை. அதில் வெள்ளைச் சட்டை, தோளில் தங்கக் கோடு போட்ட இரண்டு பேர் நிமிர்ந்து நடந்து போனார்கள். வயதானவர் என் மகளைப் பார்த்துக் கையசைத்தார்.

"அவருதாம்மா இன்னைக்கு கேப்டன். அவரு பின்னாலதான் நான் உக்காரணும்," என்றாள்.

"நீயும் அப்படிப் போக வேண்டியதுதானே?"

"யூனிஃபார்ம் போட்டு டூட்டில இருந்தா அப்படிப் போலாம். இன்னைக்கு நான் சும்மா ஆளு."

"சும்மா ஆளா?"

"அம்மா, அவங்களையும் தடவிப் பாத்துத்தான் விடுவாங்க. சித்த பேசாம வா."

பேசாமல்தான் போனேன். ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எனக்கு முன்னால் ஒருவர் ஷூவைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்தார். சாக்கடை ஓரத்தில் நடந்து வந்திருப்பார் போல, அடியில் சேறு காய்ந்திருந்தது. அந்தத் தட்டு உருண்டு அந்தப் பக்கம் போயிற்று. ஷூவை எடுத்துக்கொண்டார். தட்டை ஒருவன் எடுத்து, மற்றதோடு அடுக்கி, திரும்ப எங்கள் பக்கம் தள்ளினான். துடைக்கவில்லை. அதே தட்டை எனக்கு நீட்டி, கச்சாயப் போசியை அதில் வைக்கச் சொன்னான்.

"ஏனுங்க, இதுலதான் ஒருத்தரு செருப்பு வெச்சாரு. இதுல திங்கற பண்டத்த வெக்கச் சொல்றீங்களே?"

"அம்மா, ஜல்தி."

ஜல்தி என்றால் எனக்குத் தெரியும். வடக்கத்திப் பிள்ளைகளை வேலை வாங்க நானே ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வார்த்தை. என்னை ஒருவன் ஜல்தி என்று சொன்னது அதுதான் முதல்முறை. போசியை வைத்தேன். அந்தத் தட்டின் மூலையில் யாருடைய முடியோ சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. போசி மூடியை இன்னொரு தடவை இறுக அழுத்தினேன்.

பெண்களுக்கென்று திரை போட்ட கூண்டு. உள்ளே காக்கி உடுப்பில் ஒரு பெண், வடக்கத்திப் பெண்தான். என்னை ஒரு பலகைமேல் ஏற்றி, கையை விரிக்கச் சொன்னாள். அவள் கையுறை வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் போனவள் வேர்வையில் நனைந்த சுடிதாரோடு வெளியே வந்தாள். அவளைத் தடவின அதே கையுறையோடு என் முதுகு, இடுப்பு, மாராப்புக்குள் எல்லாம் தடவினாள். இடுப்பில் கம்பெனிச் சாவிக்கொத்து. அவள் கையிலிருந்த சோதனைக் கட்டை கீய் கீய் என்று கத்தியது.

"மாதாஜி, யே க்யா ஹை?"

"சாவி. சாபி," என்றேன். எடுத்துக் காட்டச் சொன்னாள். மடியை அவிழ்த்துக் காட்டினேன். அறுபத்தேழு வயதில், தெரியாத ஒரு பெண்ணுக்கு முன்னால் மடியை அவிழ்த்து நின்றேன்.

எனக்கு அந்த வேலை தெரியாததல்ல. கம்பெனி ஆரம்பித்த புதிதில் சாயங்காலம் கேட்டில் நின்று, வீட்டுக்குப் போகிற பெண்களை ஒவ்வொருத்தியாகத் தடவிப் பார்த்து அனுப்பியது நான்தான். துணியைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு போவார்கள் என்று ஒரு பயம். ஒருத்தி ஒருநாள் என் கையைத் தட்டிவிட்டாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் கூட எனக்கு நினைவில்லை. அந்தப் பலகைமேல் நிற்கையில் அது நினைவுக்கு வந்தது எனக்குப் பிடிக்கவேயில்லை. பலகையை விட்டு இறங்கினேன்.

வெளியே வந்தால் என் மகளின் பையை ஒரு மேஜைமேல் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். அவள் எனக்கு முன்பே வந்து அதன் எதிரில் நின்றிருந்தாள். காக்கிப் பெண் இன்னொருத்தி பையைத் திறந்துகொண்டிருந்தாள். முதலில் சட்டையை எடுத்தாள். அப்புறம் மகளின் உள்ளாடைகள். ஒவ்வொன்றாக எடுத்து, வரிசையில் போகிற ஆண்கள் கண்ணுக்கு முன்னால், மேஜைமேல் போட்டாள். நான் முந்தானையை விரித்து மறைத்தேன். "ஹட் ஜாயியே," என்று கையால் தள்ளினாள். அடியிலிருந்து அந்த வேஸ்ட் துணிச் சுருட்டு வெளியே வந்தது.

மூடி சரியாக இறுகவில்லை. துணி நனைந்திருந்தது. அவள் மூக்கருகே கொண்டுபோய், முகத்தைச் சுளித்துத் தலையைப் பின்னால் இழுத்தாள். பாட்டில்மேல் இருமல் மருந்துச் சீட்டு அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருந்துப் பாட்டிலுக்குள் தீப்பிடிக்கிற தண்ணி. மறைத்து எடுத்துப் போகிறவன் செய்கிற வேலை மாதிரியே நான் செய்து வைத்திருந்தேன்.

அவள் குரல் கொடுத்ததும் ஒரு அதிகாரி வந்தார். நரைத்த மீசை, தெற்கத்திப் பேச்சு. பாட்டிலை வாங்கி முகர்ந்தார். என் மகள் கழுத்தில் தொங்கின அட்டையைப் படித்தார்.

"நீங்க பைலட்டுங்கிய. இது என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

என் மகள் பாட்டிலைப் பார்த்தாள். அப்புறம் துணியைப் பார்த்தாள். எங்கள் கம்பெனி கலர், அந்த மாதத்து ஆர்டரின் கிளிப்பச்சை. அப்புறம் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"என்னோடதுதான் சார். சட்டைக் கறை எடுக்கறதுக்கு. மறந்து உள்ள வெச்சுட்டேன். தப்புதான்."

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதுகூட என் கை கூசுகிறது. பயமென்று சொல்ல மாட்டேன். அந்த வரிசையில் அத்தனை பேர் பார்க்க, நான் வைத்தது என்று சொல்லி ஒரு அசட்டுக் கிழவியாக நிற்க எனக்கு மனம் வரவில்லை. என் பிள்ளை என் தப்பைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டு நின்றாள், நான் சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தேன். ஏழெட்டுப் பேர் எங்களைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

"படிச்ச பிள்ளையள் இப்படிச் செய்தா நாங்க யாரைன்னு பார்க்கது? மத்தவங்கன்னா தெரியாம கொண்டாந்திட்டாகன்னு சொல்லலாம். நீங்க உள்ள, ஓட்டுத எடத்துல போயி உக்காரப் போறிய."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா சார், ஆமா சார்," என்றாள். வரிசையில் நின்ற ஒரு ஆள், டை கட்டினவன், பக்கத்திலிருந்தவனிடம் நன்றாகக் கேட்கும்படி சொன்னான்: "பைலட்டாம்ப்பா! இந்த லட்சணத்துல பிளேன் ஓட்டுனா விளங்கிரும்." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

"அது நான் வெச்சதுங்க. அவளுக்குத் தெரியாதுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "பாட்டிம்மா, நீங்க சும்மா இருங்க. பிள்ளைய காப்பாத்தணும்னு சொல்லாதிய."

"காப்பாத்தறதுக்குச் சொல்லலீங்க. எங்க செக்கிங்ல கறைக்கு அடிக்கற மருந்து. அந்தத் துணி எங்க கம்பெனி வேஸ்ட். காலைல நாந்தான் சொருகுனனுங்க. அவளுக்குச் சொல்லல."

அவர் அந்தத் துணியை விரல் நுனியால் விரித்துப் பார்த்தார். பிறகு என் மகளைக் கேட்டார். "பேக் நீங்களே கட்டினதுன்னுதான் கவுண்டர்ல சொல்லியிருப்பிய?"

"ஆமா சார்."

"அப்ப அது பொய்யில்லா?"

நான் வாயை மூடியிருந்தபோது அவள் மறதிக்காரி. நான் வாயைத் திறந்ததும் பொய்க்காரி ஆகிவிட்டாள். என் உண்மையால் அவளுக்கு இன்னும் ஒரு குற்றம் கூடினது. அந்த ஆத்திரத்தில் நான் பேசக் கூடாததைப் பேசினேன்.

"ஏனுங்க, அவ போய் உக்காரற எடத்துல கோடாலியே வெச்சிருக்கறாங்களாமா. அவசரத்துக்கு உடைக்கறதுக்குன்னு. கோடாலி பக்கத்துல உக்கோருவா, அதுக்கு ஒண்ணும் ஆகாது. இந்த ஒரு முழுங்குத் தண்ணிக்கு இத்தனை ரோதனைங்களா?"

கோடாலி என்றதும் பக்கத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவன்கூட நிமிர்ந்து பார்த்தான். டை கட்டினவன் சிரிப்பை நிறுத்திவிட்டு விலகிப் போனான்.

"அம்மா," என்றாள் மகள். "வாய மூடு."

அவள் பிறந்ததிலிருந்து என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

பக்கத்து அறையில் உட்கார வைத்து எழுதினார்கள். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. நான் சொன்னதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். என் கம்பெனியில் என்ன செய்கிறோம் என்று இரண்டு கேள்வி கேட்டார், அவருடைய தங்கச்சி மகள் திருப்பூரில்தான் பனியன் கம்பெனியில் இருக்கிறாள் என்றார். "விட்டுருதேன். ஆனா எழுதாம விட முடியாது பாட்டிம்மா. ஏர்லைன்ஸுக்கும் சொல்லியாகணும்." அவர் அன்பாகப் பேசினதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாட்டிம்மா என்று சொல்லச் சொல்ல, மூக்குச் சளியைத் துடைத்து அனுப்பப்படுகிற பிள்ளை மாதிரி என்னை நானே பார்த்தேன். பாட்டிலை ஒரு சிவப்புத் தொட்டியில் போட்டுக்கொண்டார்கள். மகளுடைய துணிகளை மேஜைமேல் குவித்தபடியே விட்டிருந்தார்கள். நான்தான் அள்ளி மடித்தேன். அவள் உதவிக்கு வரவில்லை.

விமானத்துக்குப் போகிற கதவு பக்கத்தில் எல்லாரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். அங்கே விமானக் கம்பெனியின் பெண் ஒருத்தி போனில் பேசிவிட்டு எங்களிடம் வந்தாள். முகத்திலேயே தெரிந்தது.

"சாரி மேம். கேப்டன்கிட்ட இன்சிடென்ட் சொன்னோம். ஜம்ப் சீட் இன்னைக்கு வேண்டாம்னுட்டார்."

"வேற சீட்?" என்றாள் மகள்.

"ஃபுல் மேம். ஒண்ணும் இல்ல."

"அந்தக் கேப்டனை நான் பாக்கணும்," என்றேன். "கையசைச்சாரே, அவரைக் கூப்பிடுங்க. நான் சொல்றனுங்க."

மகள் என் தோளில் கை வைத்தாள். அறைக்கு வெளியே வந்த பிறகு முதன்முதலாக அப்போதுதான் என்னைத் தொட்டாள். "அவரு எடம்மா அது. அவரு பின்னால யாரு உக்காரணும்னு அவருதான் சொல்லணும். நான் அங்க இருந்திருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

அதைக் கேட்டதும் எனக்கு அந்த மனுஷன்மேல் இருந்த கோபமும் போய்விட்டது. கோபம் யார்மேலாவது இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த விமானம் மறுநாள் காலைதான். பரீட்சை காலை எட்டு மணிக்கு. நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

"என்ர சீட்ட இவளுக்குக் குடுங்க."

"அப்படி மாத்த முடியாதுங்கம்மா. உங்க பேர்ல இருக்குது."

"நான் போகலீங்க. நான் போகலீன்னா அந்த சீட்டு காலிதானுங்களே?"

அவள் யோசித்தாள். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். "உங்களுக்குப் பெட்டி உள்ள போட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க. இந்தப் பையும் போசியுந்தான்."

"அப்படீன்னா... காத்திருக்கிற லிஸ்ட்ல மேம்தான் முதல்ல. குடுக்கலாம். ஆனா நீங்க திரும்ப வெளிய போயிரணும். டிக்கெட் காசு திரும்ப வராது."

"வராட்டிப் போகுது."

"வேண்டாம்," என்றாள் மகள். "உன்னைய இங்க தனியா விட்டுட்டு நான் போகல. பரீட்சை கெடக்குது விடு."

"யாரு தனியா? போன் போட்டா மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போறாரு. நீ ஏறு."

"அம்மா, நீ செஞ்சதுக்கு நீயே தண்டனை குடுத்துக்கறயா?"

"என்ன வேணாலும் வெச்சுக்க. கதவு சாத்தறதுக்குள்ள ஏறு."

அவள் அழவில்லை, என்னைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. என் கையிலிருந்த போசியைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று போனாள். அவள் தலை கூட்டத்தில் மறைகிற வரைக்கும் நான் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே போவதும் அங்கே லேசில்லை. உள்ளே வந்தவள் ஏறாமல் போகிறாள் என்றால் ஒரு ஆள் கூடவே வந்து கொண்டுபோய் விட வேண்டுமாம். என்னைத் தடவின அந்த வடக்கத்திப் பெண்ணையே அனுப்பினார்கள். நான் மெல்ல நடந்ததால் கையைப் பிடிக்க வந்தாள். கையை இழுத்துக்கொண்டேன். வாசலில் இருந்த மேஜையில் ஒரு பெரிய நோட்டில் எழுதி, என் பக்கம் திருப்பினார்கள். "கையெழுத்துங்களா, கைநாட்டுங்களா?" என்று கேட்டான் அங்கே இருந்தவன். மைப்பெட்டியை ஏற்கனவே திறந்துவிட்டான். நான் மூன்றாவது வரைக்கும் படித்தவள். பேனாவை வாங்கி, அவன் நோட்டில் கட்டம் போதாமல் அடுத்த கட்டம் வரைக்கும் போகிற மாதிரி என் பெயரை முழுசாக எழுதினேன். வெளியே வந்து, தூணோரமாக நின்று வாந்தி எடுத்தேன். வெயில் என்று நினைத்து யாரோ தண்ணி கொடுத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் மகள் போன் செய்தாள். பாஸ் என்றாள். ஒரே தடவையில் பாஸ், கூட இருந்த மூன்று பேரில் ஒருத்தன் தவறிவிட்டான். மாப்பிள்ளை போனை வாங்கிக் கத்தினார். நான் திரும்ப வாங்கியபோது அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஆனா கேப்டன்னு பேப்பர் இப்பக் குடுக்க மாட்டாங்களாம்மா. நேத்து நடந்தது இங்க வந்துருச்சு. விசாரிச்சு முடிக்கற வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்காங்க. நீதான் வெச்சேன்னு நீ ஒரு லெட்டர் எழுதித் தரணுமாம்."

மாப்பிள்ளை அன்று மாலையே கம்ப்யூட்டரில் அடித்துக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'வயது முதிர்ந்தவரும் படிப்பறிவில்லாதவருமான நான், முதுமையின் காரணமாகவும் அறியாமையின் காரணமாகவும்' என்று ஆரம்பித்தது. கடைசியில் என்னை மன்னிக்கும்படி மூன்று இடத்தில் கும்பிட்டிருந்தது.

"இது யாருங்க மாப்பிள்ளை? இந்தக் கிழவிய எனக்குத் தெரியலீங்களே."

"அத்தே, இப்படி எழுதுனாத்தானுங்க அவங்க விடுவாங்க. பரிதாபம் வரணுமில்லீங்களா?"

"என்னப் பாத்து எவனும் பரிதாபப்பட வேண்டாமுங்க."

அதை நாலாக மடித்து ஓரமாக வைத்துவிட்டேன். செக்கிங் ஹாலில் அட்டைப்பெட்டிமேல் ஒட்டுகிற பெரிய காகிதம் இரண்டு எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நானே எழுதினேன். அதற்கு மறுநாள் காலை முழுக்க ஆனது. கறை மருந்து எங்கள் கம்பெனியுடையது. பாட்டில் நான் எடுத்தது. மகளுக்குத் தெரியாது. பையைத் தானே கட்டியதாக அவள் சொன்னது அவள் அறிந்தவரை உண்மை, ஏனென்றால் அவள் கட்டி முடித்த பிறகு நான் திறந்தேன். அதிகாரி கேட்டபோது என்னைக் காட்டிக் கொடுக்காமல் தன்னுடையது என்று சொன்னாள். அப்போது நான் பேசாமல் நின்றேன். பயத்தால் இல்லை, வெட்கத்தால். இவ்வளவுதான் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லைப் போடவில்லை.

போனில் படித்துக் காட்டினேன். மகள் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"எல்லாம் சரிம்மா. அந்தப் பேசாம நின்னேன்னு ஒரு வரி இருக்குதில்ல, அதை மட்டும் எடுத்துடு. அது அவங்களுக்கு எதுக்கு? அவங்க கேக்கவே இல்ல."

"நடந்தது அது."

"எனக்குத் தெரியாதா நடந்தது? எடுத்துடும்மா."

"அதை எடுத்தா மீதியில நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. சரி, அப்படியே அனுப்பு என்று போனை வைத்துவிட்டாள். மாப்பிள்ளை படம் எடுத்து அனுப்பினார். பிறகு தபாலிலும் போனது.

பன்னிரண்டு நாள் கழித்து அவளுக்குப் பேப்பர் கொடுத்தார்கள். இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முதல் முறையாக ஓட்டிவிட்டு, வழக்கம்போல் மூன்று நாள் லீவுக்கு வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், மாப்பிள்ளையோடு சினிமாவுக்குப் போனாள். அவள் ஆபீசில் யாரோ ஒருவர் என் கடிதத்தைக் கையில் வைத்துப் படித்திருப்பார். அந்த வரியையும் படித்திருப்பார். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்டு எழுதவில்லை. ஏன் பேசாமல் நின்றாய் என்று மகளும் இதுவரை கேட்கவில்லை.